வாயு என்று பெயர் வைப்பதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கழுகுமலை வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் நடையை அதிகம் மாற்றவில்லை.)

பெரியவர்கள், தாய்மார்கள், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிற தம்பிகள், எல்லாரும் உட்காருங்கள். நாற்காலி நிறையவே கிடக்கிறது.

உடம்பைக் கவனிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் போனைத் திறந்தாலே நாலு பேர் அனுப்பிவிடுகிறார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போனதில் நான் பார்த்தது ஒன்று. நம் ஆட்களுக்கு உடம்பு சொல்வது கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்கிறது. கேட்டதும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்ததும் காரியம் முடிந்தது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் 'வாயு'. நெஞ்சு அடைத்தால் வாயு. முதுகு பிடித்தால் வாயு. தோளில் வலி இறங்கினால் வாயு. மிச்சம் இருப்பது எல்லாம் 'சூடு'. நீர்க்கடுப்பு சூடு, கண் எரிச்சல் சூடு, தலைச்சுற்றல் சூடு. கரிசல் காட்டு வெக்கையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சூடு என்று சொல்வதற்கு அங்கே காரணம் தேட வேண்டியதே இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் யாருக்குத்தான் தலை சுற்றாது?

கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு கணக்குப்பிள்ளை. வயது ஐம்பத்திரண்டோ மூன்றோ. அவர் வீட்டம்மா என்னிடம் பிரஷர் மாத்திரை வாங்க வருவார். ஒருநாள் வந்தவர், "நர்சம்மா, அவுகளுக்கு மூணு நாளா நெஞ்சுல எரிச்சல். வாயுதான். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன், கேக்க மாட்டேங்கு. நல்ல வாயு மாத்திரை ஒண்ணு தாங்க" என்றார். என்ன வலி என்று நான் கேட்கவில்லை. "எப்ப வருது மைனி?" என்றுதான் கேட்டேன். "கோயில் படி ஏறும்போது வருதாம். சைக்கிள் மிதிச்சாலும் வருதாம். நின்னா விட்டுருதாம்."

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சாப்பாட்டினால் வருகிற எரிச்சலுக்கு நீங்கள் படி ஏறுகிறீர்களா, பாயில் படுத்திருக்கிறீர்களா என்பது பெரும்பாலும் கணக்கில்லை. சாப்பிட்டபின் வரும், குனிந்தால் வரும், படுத்தால் வரும். ஏறினால் வந்து, நின்றால் விட்டுவிடுகிற அடைப்பும் எரிச்சலும் இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். இருதயமும் ஒரு தசைதான். ஓய்வாக இருக்கும்போது பாதி அடைத்த குழாய் வழியாக வருகிற ரத்தமே அதற்குப் போதும். ஏறும்போது கூடுதலாகக் கேட்கும், குழாய் தராது, தசை வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலி போகும். அதனால்தான் 'போயிருச்சே' என்று விட்டுவிடுகிறோம்.

அவரை அன்றைக்கே கோவில்பட்டிக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போதும் இருக்கிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறார். அதே தெருவில், அதற்கு முந்தின வருஷம், ராத்திரி பதினொரு மணிக்கு வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த ஒருவருக்கு வீட்டில் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏப்பம் வந்தது, 'பார்த்தியா, வாயுதான்' என்று படுக்க வைத்தார்கள். விடியவில்லை. இரண்டு வீட்டிலும் பாசத்துக்கோ அறிவுக்கோ குறைவில்லை. ஒரு வீட்டில் 'எப்போது' என்று யாரோ கேட்டார்கள். இன்னொரு வீட்டில் பெயரோடு நின்றுவிட்டார்கள்.

தீப்பெட்டி என்று சொல்லும்போது ஒரு பழைய கதை. 1888இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்துத் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகை தாடை எலும்பை அரித்துவிடும். கேட்கவே பயமாக இருக்கும் நோய், எலும்பு உள்ளேயே அழுகிப்போகும். ஆனால் ஆரம்பம் எப்படி என்கிறீர்கள்? சாதாரணப் பல்வலி. வெளியே சொன்னால் பல்லைப் பிடுங்கிக்கொள், இல்லையென்றால் வேலையை விட்டுப் போ என்ற நிலை. அதனால் வலியை மறைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். அந்தப் பெண்களின் நிலையைப் பத்திரிகையில் எழுதி வெளியே கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். பிற்காலத்தில் நம் அடையாற்றுக்கு வந்தவர், 1917இல் காங்கிரஸ் தலைவரானவர், அவரேதான். 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 1913இல் சட்டமே போட்டார்கள். எங்கள் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பெண்களுக்கு அந்த நோய் இல்லாமல் போனதற்கு இந்தச் சட்டத்துக்கும், பல்வலியை வெறும் பல்வலி என்று விடாமல் கேட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் பெண்களுக்கு வேறொன்று உண்டு. காலையில் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் 'ஒதுங்க' வேண்டும், அதற்கு இடம் சரியில்லை, எழுந்து போனால் குச்சி அடுக்குகிற கணக்குக் குறையும். வெக்கையில் உட்கார்ந்து தண்ணீரும் இல்லாமல், சிறுநீரையும் அடக்கினால் என்னாகும்? மஞ்சளாகப் போகும், எரியும், அதற்குப் பெயர் 'சூடு'. மோரும் இளநீரும் குடித்து அடுத்த நாள் மறுபடி அதே வேலை. நாளாவட்டத்தில் சிறுநீரகக் கல், காய்ச்சலோடு வரும் தொற்று.

இதைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்று தலையாட்டுகிறீர்கள். உங்களில் எத்தனை பேர் மீட்டிங் முடியட்டும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஆசிரியை வேலை பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கையைத் தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். ஏ.சி. அறையில் தாகம் தெரியாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா, கடுங்காப்பி மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை.

சரி, நீங்கள் வாயு என்று சொல்வதில்லை. நீங்கள் படித்தவர்கள். உங்கள் பெயர் வேறு. 'ஸ்ட்ரெஸ்', 'டென்ஷன்'.

மன அழுத்தம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது உடம்பில் இறங்கி வேலை செய்வது நிஜம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்க்கிறவர்களை விட, 55 மணி நேரத்துக்கு மேல் பார்க்கிறவர்களுக்குப் பக்கவாதம் வருகிற ஆபத்து 35 சதவீதம் அதிகம், இருதய நோயால் இறக்கிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் என்றால் 57 ஆகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை என்கிற தம்பிகள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள்.

அழுத்தம் உடம்பில் பேசும் விதம் ஒன்று உண்டு. அது நேரம் பார்த்துப் பேசும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தலை வலிக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்து, கடன் தவணையிலிருந்து மகள் பரீட்சை வரை வரிசையாக ஓடும். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், ஏனென்றால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்திருப்பீர்கள், அது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். மாதவிலக்கு தள்ளிப்போகும். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிக்கும், சனிக்கிழமை வலிக்காது. நடிக்கிறான் என்று அடிக்காதீர்கள். வலி நிஜம். திங்கள்கிழமை அந்த வகுப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுத்தான் ஒரு பையனைப் பின்பெஞ்சுக்காரர்கள் தினமும் மிரட்டிச் சோற்றைப் பிடுங்கித் தின்றது வெளியே வந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தால், அதுவும் வாயுதான், இங்கிலீஷ் வாயு. எப்போதும் அசதி, படி ஏறினால் படபடப்பு, முடி கொட்டுகிறது, எரிச்சல் எரிச்சலாக வருகிறது. 'ஸ்ட்ரெஸ்தான், யோகா போகலாம் என்றிருக்கிறேன்.' போங்கள், நல்லது. போகும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல். இந்த அறையில் இருக்கிற பெண்களை எண்ணிப் பாருங்கள். 12க்குக் கீழே போனால் ரத்தசோகைக் கணக்கு. அதே அசதியும் முடி கொட்டுவதும் தைராய்டிலும் வரும். தாகமும் ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பதும் சேர்ந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மூச்சுப்பயிற்சியினால் இரும்புச்சத்து ஏறாது.

பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக உங்களுக்கு வராமல் போகலாம். திடீரென்று இதுவரை இல்லாத ஓய்ச்சல், குமட்டல், வியர்வை, மூச்சு வாங்கல், தாடையிலோ முதுகிலோ ஒரு கனம், அவ்வளவுதான் இருக்கும். நெடுநாள் சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்திருப்பதால் வலியே தெரியாமலும் வரலாம். 'ஒருமாதிரி இருக்கு' என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், சமையல் முடியட்டும் என்று அவளே தள்ளிப்போடுவாள். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம். பாரதி 1882இல் பிறந்த ஊர். அவர் எப்படி இறந்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். யானை அடித்து என்பார்கள். 1921இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. குவளைக் கண்ணன் என்ற அன்பர் உள்ளே புகுந்து தூக்கிக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் அந்தக் காயம் ஆறியது. அதற்குப் பிறகு அவர் ஈரோடு வரை போய், கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசிவிட்டு வந்தார். பேச்சின் தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. திரும்பி வந்து சுதேசமித்திரன் அலுவலகத்துக்கும் போனார். செப்டம்பரில் வந்தது வயிற்றுக்கடுப்பு. பத்து வருஷப் புதுச்சேரி வறுமை, சிறை, பட்டினி எல்லாம் தின்றுபோட்ட உடம்பு அது, தாங்கவில்லை. பார்க்க வந்த மருத்துவரிடம் எனக்கு ஒன்றும் இல்லை என்று கோபப்பட்டதாகவும், மருந்து சாப்பிட மறுத்துவிட்டதாகவும் கடைசி இரவு உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் 12, அதிகாலை. முப்பத்தொன்பது வயது நிறையவில்லை.

நூறு வருஷமாக நாம் யானையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மகாகவிக்கு வயிற்றுக்கடுப்பு பொருத்தமாக இல்லை என்று நமக்கே தோன்றுகிறது போல. நம் விஷயத்திலும் அப்படித்தான். யானை மாதிரி ஒன்று வந்தால் டாக்டரிடம் போகலாம் என்று காத்திருக்கிறோம்.

அதே கரிசலில் இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன். இளமையிலேயே காசநோய் பிடித்த உடம்பு. 2021 மே மாதம் காலமானபோது வயது 98. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒருதடவை நோயில் விழுந்து எழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், உடம்பு முனகினாலும் காது கொடுப்பார்கள். திடகாத்திரம் என்று பெயர் வாங்கினவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். 'கல்லைத் தின்னாலும் செரிக்கும்' என்கிற ஆள் வீட்டில்தான் எனக்குப் பயம்.

என்ன செய்யலாம் என்றால், பெயர் வைக்காதீர்கள். குறித்து வையுங்கள். அடுப்படியில் தொங்குகிற தினசரி காலண்டர் போதும். இன்றைய தாளில் 'ராத்திரி 3 முழிப்பு' என்று எழுதுங்கள். 'இரண்டாம் மாடியில் மூச்சு'. 'தலைவலி, மாலை'. இரண்டு வாரம் கழித்துத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். டாக்டரிடம் போய் 'கேஸ் ட்ரபிள் சார்' என்றால் அவர் கேஸுக்குத்தான் எழுதித் தருவார், வெளியே இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். தாளைக் காட்டினால் அவர் கேட்கிற கேள்வியே மாறிவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு மலை இருக்கிறது. வெட்டுவான் கோயிலையும் சமணர் சிற்பங்களையும் பார்க்க மேலே ஏறுவோம், பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுவோம். போன வருஷம் நிற்காமல் ஏறினவர் இந்த வருஷம் பாதியில் உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். "என்ன அண்ணாச்சி, உக்காந்துட்டீக?" என்று நாலு பேர் கேட்பார்கள். உங்களிடமிருந்து அந்த மலையை லிப்ட் எடுத்துக்கொண்டது. வருஷக்கணக்காகப் படியே ஏறாதவருக்குத் தன் மூச்சு குறைந்ததே தெரியாது. முட்டி நன்றாக இருக்கிறவர்கள் வாரத்தில் ஒருநாள் உங்கள் வீடு வரை படியில் போய்ப் பாருங்கள். எந்த மாடியில் மூச்சு வாங்குகிறது என்று அதே காலண்டரில் எழுதுங்கள். மூன்றாம் மாடி இரண்டானால் காரணம் கேட்க வேண்டும். நெஞ்சில் ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவர்கள் இந்தச் சோதனை வேண்டாம், நேரே டாக்டர்.

வாசலில் இருக்கிற வாட்ச்மேன் அண்ணனையும் பாருங்கள். வந்ததிலிருந்து பார்க்கிறேன், நின்றுகொண்டே இருக்கிறார், இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது, ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பெண்களால் வந்தது. வாட்ச்மேனுக்கு நாற்காலி போடச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் நின்றதனாலும் வரும், இருதயத்தாலும் சிறுநீரகத்தாலும் வரும். அவருக்கும் ஒருதடவை பிரஷர் பார்த்துவிடுங்கள்.

அவசரத்துக்கு வருகிறேன். நெஞ்சு அடைப்பும் வியர்வையும் சேர்ந்தால், அல்லது ஒரு பக்கம் வாய் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால், தண்ணீர் தெளிப்பது, சோடா, கசாயம் எதுவும் வேண்டாம். 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அது எப்போது ஆரம்பித்தது என்று மணி பார்த்து வையுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அதுதான். ஊருக்குப் போயிருக்கும்போது நடந்தால் தெரிந்துகொள்ளுங்கள், 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன. கோவில்பட்டி வரை போகும் முன்பே கொடுத்துவிடலாம். மனசு தாங்காத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

உங்கள் செயலாளரிடம் வந்ததும் ஒன்று கேட்டேன், இந்த லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று. தெரியவில்லை என்றார். கூட்டம் முடிந்ததும் யாராவது அளவு டேப் கொண்டுவாருங்கள், அளந்துவிடலாம். நுழையாது என்றால் எந்தப் படிக்கட்டு வழியாக, எந்த நாற்காலியில் வைத்து, எந்த நாலு பேர் தூக்குவது என்று இன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள். சங்க அறையில் ஒரு பிரஷர் மெஷினும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். 140க்கு 90 என்று காட்டினால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள், வேறொரு நாளும் பாருங்கள், அப்போதும் அதேதான் என்றால் டாக்டரிடம் போங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். முதல் கேள்வி பூண்டு வாயுவுக்கு நல்லதா என்றுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.